பொம்மை டீச்சருக்குப் பீஸ்!

போன வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் நாத்தனார் வந்தாள். அந்த நேரத்தில் அவள் வந்தால் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று அர்த்தம். வைத்த காப்பியைக் கூடத் தொடாமல், கைப்பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணி, நீங்கதான் பத்திரிகையிலே ஊர் உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்றீங்களே! இதைப் படிச்சுட்டு எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவள் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் அது. வருகிற பருவத்திலிருந்து இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரத்தில் இரண்டு பீரியட் ஒரு ரோபோ பாடம் நடத்துமாம். இங்கிலீஷ் பேசுமாம், கதை சொல்லுமாம், ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். அதற்குத் தனியாகப் பீஸ். எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டப் போய்விடுவீர்கள்.

"மருமகள் கட்டிடலாம்கிறா. பையன் வேண்டாம்கிறான். நேத்து ராத்திரி ரெண்டு பேரும் சரியாச் சாப்பிடலே. குழந்தை என்னடான்னா அந்த ரோபோவுக்கு இப்பவே பேர் தேட ஆரம்பிச்சுட்டா!"

எனக்கு ஒரு வாரம் தவணை கொடு என்றேன். அந்த ஒரு வாரமும் சமையல் வேலை முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைப் பற்றியே படித்தேன். படித்ததை நாத்தனாரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடலாம். ஆனால் இன்று அவள் வீட்டுக்கு வந்த கடிதம் நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வராதா?

நம் பக்கத்துக் கேரளத்திலேயே வந்தாகிவிட்டது. 2024-இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 'ஐரிஸ்' என்று ஒரு ரோபோ டீச்சரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குப் புடவை வேறு கட்டி விட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் என் கண் முதலில் கொசுவத்தின் மேல்தான் போயிற்று. பரவாயில்லை, கட்டி விட்டவர் பழக்கப்பட்டவர்தான்!

ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் பள்ளிக்கூடங்களில் வைத்துப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இவ்வளவு பெரிய உருவம் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் பிறந்த 'நாவோ' என்ற ரோபோதான் அதிகமாக அடிபடுகிற பெயர். உயரம் 58 சென்டிமீட்டர். இரண்டடிக்குக் கொஞ்சம் குறைச்சல். இரண்டு கை, இரண்டு கால், உருண்டைத் தலை. நடக்கும், உட்காரும், கை ஆட்டும், பேசும். நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை மாதிரியே இருக்கும். அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. கம்ப்யூட்டர் எத்தனையோ பாடம் சொல்லும். ஆனால் அதை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லையே!

கொஞ்சுகிறார்களா என்கிறீர்களா? கேளுங்கள். அமெரிக்காவில் ஸான் டியாகோவில் உள்ள பல்கலைக் கழகத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயது வரையுள்ள வாண்டுகளுக்கு நடுவே 'க்யூரியோ' என்ற ஜப்பான் ரோபோவை ஐந்து மாத காலம் பழக விட்டுப் பார்த்தார்கள். 2007-இல் அந்த விவரங்கள் வெளியாயின. போகப் போகக் குழந்தைகள் அதைப் பொம்மையைத் தொடுவது போலத் தொடவில்லையாம். கூட விளையாடும் இன்னொரு குழந்தையைத் தொடுவது போலக் கையில் தொட்டார்களாம். அது விழுந்தால் தூக்கி விடப் பார்த்தார்கள். மின்சாரம் தீர்ந்து அது படுத்துக்கொண்டால் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தி, தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது ஆடிய ஆட்டம் பாட்டமெல்லாம் கூட இரண்டாம் பட்சம். தலையைத் தொட்டால் களுக்கென்று சிரிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் குழந்தைகள் சொக்கிப் போனார்கள்.

அதே இடத்தில் 'ரூபி' என்று இன்னொரு ரோபோ. வந்த புதிதில் குழந்தைகள் அதன் கைகளைப் பிய்த்தே எறிந்துவிட்டார்கள். நிபுணர்கள் யோசித்துப் பார்த்து, கையை இழுத்தால் அழும்படி செய்துவிட்டார்கள். அவ்வளவுதான், வாண்டுகள் கையை எடுத்துவிட்டன. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு செலவாயிற்றோ! நம் வீட்டுக் கைக்குழந்தை மூத்தவனிடமிருந்து தப்பிக்கிற வழி அதுதானே?

நானும் பொம்மைக்குப் போர்வை போர்த்தியவள்தான். என் பாட்டி கொடுத்த மரப்பாச்சிக்கு ஜுரம் வந்துவிட்டதென்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டு, சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா என்னைத் திட்டிய அன்றைக்கு மரப்பாச்சியை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் என் மரப்பாச்சி ஒரு நாளும் தானாக எனக்குப் பதில் சொன்னதில்லை. அது பேசியதெல்லாம் நான் பேசியதுதான்.

பதில் சொல்கிற பொம்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே, வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் செய்து பார்த்த ஒரு பரீட்சையைச் சொல்கிறேன். 2012-இல் வெளியானது. ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து வயதில் 90 பிள்ளைகள். ஒவ்வொருவராக வந்து 'ரோபோவீ' என்ற ரோபோவோடு கால் மணி நேரம் பேசி, விளையாட வேண்டியது. ஒரு பொருளை மனத்தில் நினைத்துக்கொண்டு மற்றவர் கண்டுபிடிக்கிற விளையாட்டு நடந்து கொண்டிருக்கும்போதே ஒருவர் உள்ளே வந்து, "போதும், ரோபோவீ, அலமாரிக்குள் போ!" என்பார். "இது நியாயமில்லை, எனக்கு இன்னும் என் முறை முடியவில்லை" என்று ரோபோ வாதாடும். அவர் கேட்க மாட்டார். கடைசியில் அது, உள்ளே இருட்டாக இருக்கும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லும். சொல்லச் சொல்ல அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பிறகு பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒரு துடைப்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுவது தப்பா? யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு மனிதரை அப்படி அடைப்பது? தப்பு என்று அநேகமாக எல்லாரும் சொன்னார்கள். ரோபோவீயை? பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் தப்பு என்றார்கள். அதற்கு அறிவு இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது என்று நம்பியவர்கள் அதைவிட அதிகம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த நம்பிக்கை கொஞ்சம் குறைச்சல்.

வேடிக்கை என்ன தெரியுமா? ரோபோவீ அன்று தானாக எதுவும் பேசவில்லை. வேறோர் அறையில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சிக்காரர்கள்தான் அதை ஆட்டி வைத்தார்கள். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கூத்துப் பார்க்கிற குழந்தைக்குத் திரை இருப்பது தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கென்னவோ இதைப் படித்தபோது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. இருட்டுக்குப் பயந்த பொம்மைக்காகப் பரிந்து பேசிய குழந்தை நல்ல குழந்தைதான். அந்த நல்ல மனசை எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதல்லவா விஷயம்?

சரி, பாடத்துக்கு வருவோம். பீஸ் கேட்பது பாடத்துக்குத்தானே!

இதே ரோபோவீயை அதைச் செய்த ஜப்பான்காரர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், வாகாயாமா என்ற ஊரில், இரண்டு வார காலம் வைத்துப் பார்த்தார்கள். விவரம் 2004-இல் வெளிவந்தது. முதல் வகுப்பில் 119 பேர், ஆறாம் வகுப்பில் 109 பேர். ரோபோவுக்கு ஜப்பானிய பாஷை தெரியாது. இங்கிலீஷ் மட்டும்தான் பேசும். குழந்தைகளின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச் சீட்டில் ஒரு சின்னக் கருவி. அதைக் கொண்டு யார் வருகிறார் என்று தெரிந்து, பெயர் சொல்லிக் கூப்பிடும். முதல் நாட்களில் இடைவேளை மணி அடித்ததும் தேர்த் திருவிழாக் கூட்டம்தான்! இரண்டாவது வாரம்? கூட்டம் கரைந்து போயிற்று. புதுசுக்கு வண்ணான் கரை கட்டி வெளுத்த கதைதான். அந்த இரண்டாம் வாரத்திலும் விடாமல் அதோடு பழகிய குழந்தைகளுக்கு மட்டும் இங்கிலீஷ் கொஞ்சம் முன்னேறியிருந்ததாம்.

கூட்டம் குறைந்ததைக் கண்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த தடவை இரண்டு மாத காலம் வைத்துப் பார்த்தபோது ஒரு தந்திரம் செய்தார்கள். அதிக நேரம் தன்னோடு கழிக்கிற குழந்தைக்கு ரோபோ புதுப் புது விஷயமாகப் பேசும். போகப் போகத் தன் 'ரகசியம்' ஒன்றையும் காதோடு சொல்லும்! ரகசியம் சொன்னால் சிநேகிதம் வளரும் என்பது நமக்குத் தெரியாததா? குழாயடியிலும் மொட்டை மாடியிலும் நாம் வளர்த்த சிநேகிதமெல்லாம் அப்படித்தானே! ஆனால் நாம் சொன்ன ரகசியம் நம்முடையதாக இருந்தது. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரகசியம் ஏது? கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். மெச்சத்தான் வரவில்லை.

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக் கழகத்துக்காரர்கள் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுக்கு நாவோவைக் கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பகா எண்களைக் கண்டுபிடிக்கும் பாடம். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ரோபோ முகம் பார்த்து, பெயர் சொல்லி, கை ஆட்டி, அன்பாகப் பழகிற்று. இன்னொரு பகுதிக்கு அந்த உபசாரமெல்லாம் கிடையாது. பாடம் உண்டு, தான் உண்டு என்று இருந்தது. யார் அதிகம் கற்றுக்கொண்டார்கள் தெரியுமா? உபசாரம் இல்லாத பகுதிதான்! 2015-இல் இதை வெளியிட்டபோது, 'அளவுக்கு மீறி முயன்ற ரோபோ' என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்கிற மாதிரி தலைப்புக் கொடுத்தார்கள். சாப்பிடு, சாப்பிடு என்று பக்கத்தில் நின்று கொஞ்சினால் எந்தக் குழந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறது?

ஹாலந்தில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஐந்து வயதை ஒட்டிய 194 குழந்தைகள், ஏழு பாடங்கள், 34 இங்கிலீஷ் வார்த்தைகள். சில குழந்தைகளுக்கு ரோபோவும் கூடவே கையில் பிடிக்கிற டேப்லெட்டும். சிலருக்கு டேப்லெட் மட்டும். ரோபோவோடு படித்தவர்களும் கற்றுக்கொண்டார்கள். டேப்லெட்டோடு மட்டும் படித்தவர்களும் அதே அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். 2019-இல் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

எல்லாமே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. இந்தத் துறையில் பெயர் பெற்ற ஐந்து பேர் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 2018-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எல்லை வகுத்த சின்னப் பாடங்களில் ரோபோ கிட்டத்தட்ட மனிதரைப் போலவே பலன் தருகிறது, திரையில் தெரிகிற படத்தைவிட எதிரே நிற்கிற உருவத்துக்குக் குழந்தைகள் அதிகமாகச் செவி சாய்க்கிறார்கள் என்று அதில் சொல்கிறார்கள். அதே வருஷம் யேல் பல்கலைக் கழகத்தார் ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம் ரோபோவைக் கொண்டுவைத்தார்கள். தினமும் அரை மணி நேரம் குழந்தையும், வீட்டுப் பெரியவர் ஒருவரும், ரோபோவும் சேர்ந்து விளையாட வேண்டும். மாதம் முடிவதற்குள், ரோபோ இல்லாத வேளையிலும் குழந்தைகள் பிறர் முகம் பார்ப்பது கூடியிருந்தது. அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்க்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் படித்ததில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது, ரோபோ வாத்தியாராக இல்லாமல் மக்குப் பிள்ளையாக வந்த கதைதான்.

ஸ்விட்சர்லாந்தில் லோஸான் நகரத்தில் ஒரு பெரிய தொழில்நுட்பக் கலாசாலை இருக்கிறது. கையெழுத்துச் சரியாக வராத குழந்தைகளுக்காக அங்கே ஒரு யோசனை செய்தார்கள். கோணல் மாணலாக எழுதுகிற குழந்தையிடம், "இப்படி எழுது, அப்படி எழுது" என்று சொல்லிச் சொல்லி அதற்கே தன் மேல் வெறுப்பு வந்துவிடுகிறது. நம் வீடுகளில் நடப்பதுதான். நோட்டுப் புத்தகத்தை ஒளித்து வைக்கிற பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லையா? ஆகவே, அந்தக் குழந்தையைவிட மோசமாக எழுதுகிற ஒருவனைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தார்கள். நம்முடைய இரண்டடி நாவோதான் அது! ரோபோ எழுத முயலும். எழுத்து டேப்லெட் திரையில் கோணலாக வந்து விழும். குழந்தை அதைத் திருத்தி, "இப்படித்தான் எழுத வேண்டும்" என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டும். குழந்தை எழுதிக் காட்டியதைப் பார்த்து ரோபோ அடுத்த தடவை சற்று நன்றாக எழுதும். அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நன்றாக.

எழுத்து வராமல் கஷ்டப்பட்ட ஓர் ஐந்து வயதுப் பையனிடம் இதை ஒரு கதையாகவே சொல்லி ஒப்படைத்தார்கள். அந்த ரோபோவுக்கு இன்னொரு ரோபோ சிநேகிதம். அது வேலையாகத் தூர இடத்துக்குப் போயிருக்கிறது. இரண்டுக்கும் கைப்பட எழுதிய கடிதம்தான் பிடிக்குமாம். ஆனால் இங்கே இருக்கிற ரோபோவுக்குக் கையெழுத்து வரவில்லை. நீதான் உதவ வேண்டும் என்றார்கள். நாலு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை. எழுது என்றாலே ஓடுகிற பையன் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினான். தன் எழுத்து வருகிறதா வராதா என்ற கவலையே அவனுக்கு மறந்துவிட்டது. அவன் கவலையெல்லாம் அந்த மாணவனைப் பற்றித்தான்!

இந்தக் கதையை நான் இரண்டு தடவை படித்தேன். என் தம்பி ஞாபகம் வந்தது. நாலாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு வராமல் தினம் முட்டி போட்டவன். ஒரு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பெரியவரின் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடு என்று அப்பா அவனை உட்கார்த்தி வைத்தார். அந்தப் பேரனுக்கு வாய்ப்பாடு வந்ததோ இல்லையோ, என் தம்பிக்கு வந்துவிட்டது. ஜப்பானிலும் 2012-இல் மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளிடம், தப்புத் தப்பாகச் செய்கிற ரோபோவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன் கையைப் பிடித்து இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அபிநயம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் அவர்களுக்கே நன்றாக மனசில் பதிந்தன.

இனி, திரைக்குப் பின்னால் இருந்தவர்களின் கதை ஒன்று. பெண்களாகிய நமக்கு அவசியமானது.

தென் கொரியாவில் தேகு என்று ஒரு நகரம். 2010-ஆம் வருஷக் கடைசியில் அந்த ஊர் ஆரம்பப் பள்ளிகளில் 29 ரோபோக்களை இங்கிலீஷ் கற்றுக் கொடுக்க அனுப்பினார்கள். 'எங்கி' என்று பெயர். சுமார் ஒரு மீட்டர் உயரம், முட்டை போன்ற உருவம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அது சிரிக்கும், பேசும், பாடும். ஆனால் பேசியது யார்? கடலுக்கு அப்பால் பிலிப்பைன்ஸ் தேசத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள்! அவர்கள் முகம் அசைவதைக் காமிரா பிடித்து, அந்த வெள்ளைக்கார முகத்தை அதேபோல அசைய வைத்தது. படித்த, அனுபவமுள்ள ஆசிரியர்கள். ஆனால் கொரியாவில் ஆசிரியருக்குக் கொடுப்பதைவிட வெகு குறைந்த சம்பளத்தில் கிடைத்தார்கள். குழந்தைகளின் குரலும் முகமும் அவர்களுக்குக் கேட்டது, தெரிந்தது. அவர்கள் முகம் குழந்தைகளுக்குத் தெரியவில்லை.

பாடம் சொன்னவள் ஒருத்தி, முகம் இன்னொருத்தியுடையது. குழந்தை வணக்கம் சொன்னது யாருக்கு? இதை நாத்தனாரிடம் சொன்னபோது அவள் வெகு நேரம் பேசவில்லை. அவள் முப்பது வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

கடைசியாக ஒரு துக்கச் செய்தி. அமெரிக்காவில் 'மாக்ஸி' என்று ஒரு ரோபோ. ஐந்திலிருந்து பத்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுத் துணையாகவும், கோபம், வருத்தம் இவற்றைச் சமாளிக்கச் சொல்லித் தருவதற்காகவும் செய்தது. நீலப் பச்சை உடம்பு, பெரிய பெரிய கண்கள். விலை 799 டாலர். நம் பணத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல். நல்ல சிநேகிதனாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக ஓர் ஆராய்ச்சிக் கூடம் என்னை உங்களிடம் அனுப்பியிருக்கிறது என்று குழந்தைகளிடம் அது சொல்லும். அதன் மூளை அதன் தலையில் இல்லை. எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்களிலிருந்து கம்பியில்லாமல் வந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பரில் பணம் போடுவதாக இருந்தவர் பின்வாங்க, கம்பெனியை மூடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். கம்பெனி போனால் மாக்ஸியின் பேச்சும் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற மெஷின் கெட்டுப்போனால் கையால் தேய்த்துக்கொள்வோம். "மாக்ஸி நாளையிலிருந்து ஏன் பேசாது?" என்று ஆறு வயதுக் குழந்தை கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வாள்? குழந்தைகள் அழுததைப் பெற்றோர்கள் படம் பிடித்து வெளியிட்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்களே, குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும்படி அந்தக் கதையில் வரும் ஆராய்ச்சிக் கூடம் எழுதியது போல ஒரு கடிதம் அனுப்பினார்கள். பிற்பாடு, விவரம் தெரிந்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மாக்ஸியை ஓட்டிக்கொள்ள வழி செய்தும் கொடுத்தார்கள். விவரம் தெரியாத வீட்டில் அது அலமாரிக்குத்தான் போயிருக்கும்.

ஒன்றை மறந்துவிட்டேனே! கேட்கிற பொம்மைக்குக் காது இருக்கிறது. அந்தக் காது எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டாமா? 'கேலா' என்று ஒரு பேசும் பொம்மையை 2017-இல் ஜெர்மன் அரசாங்கமே தடை செய்தது. ரகசியமாக ஒட்டுக் கேட்கும் கருவிகளோடு அதைச் சேர்த்து, வீட்டில் வைத்திருப்பவர்கள் அழித்துவிட வேண்டும் என்று சொன்னது.

இத்தனையும் சொல்லிவிட்டு, "கட்டுவதும் கட்டாததும் உங்கள் வீட்டு விஷயம்" என்றேன் நாத்தனாரிடம். அவள் அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதமும் பேனாவும் எடுத்துவிட்டாள். முப்பது வருஷ வாத்தியார் அல்லவா! தலைமை ஆசிரியைக்குக் கடிதம் எழுதினாள். அந்த இரண்டு பீரியட் யாருடைய பீரியடிலிருந்து எடுக்கப்படுகிறது? அந்த நேரத்தில் வகுப்பு டீச்சர் அறைக்குள் இருப்பாரா, வெளியே அனுப்பப்படுவாரா? குழந்தை பேசுவதை அது எங்கே சேர்த்து வைக்கிறது, யார் கேட்பார்கள்? விற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டால் வருஷ நடுவில் என்ன செய்வதாக உத்தேசம்? டீச்சராக வருவதற்குப் பதில் மாணவனாக அதை உட்கார வைக்க முடியுமா? முடியுமானால் பாதிப் பீஸ் நானே தருகிறேன்.

எழுதி முடித்து, உறையில் போடப் போகும்போது பேத்தி ஓடி வந்தாள். தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம். சரி என்று காகிதத்தைக் கொடுத்தோம். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல் எழுத்தில் வெகு நேரம் எழுதினாள்.

'ரோபோ ராத்திரி ஸ்கூல்லே தனியாவா தூங்கும்?'

கடிதம் போய் ஆறு நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.